ஜம்புவின் ஏகாதசி

முயல் ஏகாதசி விரதம் இருக்குமோ? கேட்டா சிரிப்பேள். எங்காத்துல இருந்ததாக்கும். அதை ஃபோட்டோ எடுத்து குடும்ப க்ரூப்ல போட்டு, பாதிப் பேர் கைகூப்பி, கீழ்வீட்டு மராத்தி மாமி தாம்லே காகு துளசிதளம் கொண்டுவந்து அது முன்னாடி வச்சுட்டுப் போனா. இத்தனையும் பண்ணி வச்சவர் எங்காத்துக்காரர் பத்ரிநாராயணன். ராணுவக் கணக்கு ஆபீஸ்ல ஆயுசு பூரா அடுத்தவா பண்ணின தப்பைக் கண்டுபிடிச்சு நல்ல பேர் வாங்கினவர். கண்ணெதிர்ல ஒரு ஜீவன் துடிச்சுண்டிருந்தது மட்டும் அவர் கண்ணுல படலை.

கோவமாத்தான் சொல்றேன். கோவப்படாம இதைச் சொல்ல எனக்கு வராது.

ஜம்பு எங்க பொண்ணு ப்ரீதியோட முயல். மும்பையில முலுண்டு புக்காத்துலேருந்து அவ ஒரு துணிப்பையும் ஜம்பு இருந்த கூடையுமா புனேயில எங்க விஷ்ராந்த்வாடி ஆத்துக்கு வந்து எறங்கினப்போ, வாசல்ல நிக்கறது யாருன்னு எனக்கு ஒரு நிமிஷம் புரியலை. கன்னம் ஒட்டி, கண்ணு உள்ள போய், வளையல் முழங்கை வரைக்கும் ஏறற மாதிரி ஒரு கை. அந்தாத்துல அவளுக்குச் சரியாச் சோறு போடலை. சுத்தி வளைக்க இதுல ஒண்ணுமில்லை. அவளுக்கு ஆபீஸ் வேலையெல்லாம் ஆத்துலேருந்தே. அடுக்களை மாமியார் கையில. எண்ணி வச்ச சப்பாத்தி, அதுக்கு மேல ஒண்ணு எடுத்தா நாலு பேர் எதிர்ல ஒரு பேச்சு. நாங்க ஃபோன்ல "சாப்ட்டியாடி"ன்னு கேட்டா, "இன்னிக்கு விரதம்மா"ன்னுவா. திங்கட்கிழமை விரதம், வியாழக்கிழமை விரதம், சஷ்டி, ஏகாதசி, ஒண்ணு பாக்கியில்லை.

நான் இவர்கிட்ட, "என்னன்னா இது, பொழுதன்னிக்கும் விரதம்ங்கறா, ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடுவோமே"ன்னேன். இவர் கேட்டாத்தானே! "என் பொண்ணு எத்தனை பக்குவமாயிட்டா பாரு"ன்னார். அதோட விட்டாரா? க்ரூப்ல வேற எழுதினார். இவர் தங்கை பட்டு சென்னையிலேருந்து, "எல்லாம் நீ வளத்த வளப்பு அண்ணா"ன்னு பதில் போட்டா. மனுஷனுக்கு உச்சி குளிர்ந்து போச்சு.

அவ திரும்பி வந்து நடந்ததையெல்லாம் சொன்னப்போ, இவர் என்ன சொல்லணும்? "வந்துட்டியோல்லியோ, இனிமே நான் இருக்கேன்"னு சொல்லணும். இவர், "எந்தாத்துலயும் முன்னபின்ன இருக்கும். இத்தனை நாள் பொறுத்தவ இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்"னார். ப்ரீதி எழுந்து ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திண்டா. அப்புறம் விவாகரத்தும் ஆச்சு, அவளும் மகர்பட்டாவுல வேலைக்குப் போக ஆரம்பிச்சா. அப்பாவும் பொண்ணும் பேசிக்கறது என்னவோ "பால் வந்துடுத்தா", "சாவி எங்க", அவ்வளவுதான்.

சொன்னது தப்புன்னு இவருக்கு உள்ளுக்குள்ள உறுத்திண்டேதான் இருந்தது. அது எனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொன்னா கிரீடம் எறங்கிடுமோ என்னமோ. அதுக்குப் பதிலா ஜம்புவைப் பிடிச்சுண்டார்.

ப்ரீதி ஜம்புவுக்குக் காஞ்ச புல்லுதான் போடுவா. அதோட கொஞ்சம் கொத்தமல்லி, வெந்தயக்கீரை. முயலுக்கு அதுதான் ஆகாரம்னு எங்க ரெண்டு பேருக்கும் சேத்தே சொன்னா. இவருக்கு மனசு ஒப்பலை. "அனாதைக் கொழந்தைக்குப் போடற மாதிரி வெறும் வைக்கோலா?"ன்னு என்கிட்ட வந்து புலம்புவார். காலம்பற பூஜை முடிஞ்சு பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணின வாழைப்பழம், வெல்லம் போட்டுப் பெசஞ்ச அவல், ஊறவச்ச பயத்தம்பருப்பு, எல்லாத்துலயும் ஜம்புவுக்கு ஒரு பங்கு போகும். பால்கனியில அது பக்கத்துல சப்பணம் கட்டி உக்காந்துண்டு, ஊட்டிண்டே ஏதோ முணுமுணுன்னு பேசுவார். ஜம்புவும் இவர் காலடிச் சத்தம் கேட்டாலே வந்து நிக்கும். மிச்சம் கெடக்கற புல்லை எடுத்துக் கீழ செடிக்குப் போட்டுடுவார், ப்ரீதி பாத்து வருத்தப்படக் கூடாதாம். "அவ சொன்னதைக் கேளுங்கோளேன்"னு நான் சண்டை போட்டேன். "ஒரு வாய் பிரசாதம், அதுல என்னடி கெட்டுப்போகும்?"னார்.

இந்தப் பக்கம் விசேஷமாக் கொண்டாடற அந்த ஆஷாடி ஏகாதசிக்கு முன்னாடி ப்ரீதிக்கு ஹைதராபாத் போற வேலை வந்தது. மூணு நாள். கெளம்பறச்சே என்கிட்ட வராம நேரா இவர்கிட்ட போனா. "அப்பா, ஜம்புவை நீங்க பாத்துக்கறேளா? புல்லு சாப்பிடறானா, புழுக்கை போட்டிருக்கானா, இது ரெண்டை மட்டும் பாருங்கோ. இல்லேன்னா எனக்கு உடனே ஃபோன் பண்ணுங்கோ"ன்னா. பாணேர்ல முயல் பாக்கற டாக்டர் நம்பரையும் இவர் ஃபோன்ல போட்டுக் குடுத்தா. இவர் முகத்தைப் பாக்கணுமே! எத்தனையோ நாளைக்கப்புறம் பொண்ணு தன்னை நம்பி ஒரு காரியம் சொல்லிட்டுப் போறா. "நீ கவலையே படாதே. கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறேன்"னார். ஆட்டோ தெரு முனை திரும்பற வரைக்கும் கேட்லயே நின்னுண்டிருந்தார்.

அன்னிக்கு தசமி. சாயங்காலமே ஜம்பு வாழைப்பழத்தை மோந்து பாத்துட்டுத் திரும்பிண்டுடுத்து. மறுநாள் காலம்பற ஒண்ணுத்தையும் தொடலை. அவல் வச்சார், திரும்பிக்கூடப் பாக்கலை. நான் வெந்தயக்கீரை வச்சேன், அதையும் தொடலை. மூலையில முதுகைக் குனிச்சுண்டு, கண்ணைப் பாதி மூடிண்டு உக்காந்திருந்தது. வாய் மட்டும் அசைஞ்சுண்டே இருக்கு, பல்லைக் கடிக்கற மாதிரி நறநறன்னு மெல்லிசா ஒரு சத்தம்.

"வைஜூ! இங்க வாயேன்! இன்னிக்கு என்ன திதி சொல்லு!"ன்னு இவர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். "ஏகாதசி! இவன் உபவாசம் இருக்கான்டி! பாரு, உதடு அசையறது, ஜபம் பண்றான்!"

சொன்னவர் கண்ணுல ஜலம். என்னத்தைச் சொல்ல? அந்த சத்தமும் அந்த உக்காந்திருக்கற அழகும் பாக்க, ஒரு நிமிஷம் எனக்கே மெய்சிலிர்த்துது.

தாம்லே காகு ஜவ்வரிசில பண்ற சாபுதானா கிச்சடியை மூடி எடுத்துண்டு மேல வந்தா. "அக பாய், மாவுலி!"ன்னு மராத்தியில, தெய்வமேங்கற மாதிரி, கன்னத்துல போட்டுண்டா. கீழ போய் துளசியோட திரும்பி வந்தா. அவ சொல்லி இன்னும் ரெண்டு ஆத்துலேருந்து வந்து பாத்துட்டுப் போனா. இவர் ஃபோட்டோ எடுத்து, "எங்காத்து ஜம்புவின் ஏகாதசி உபவாசம்"னு க்ரூப்ல போட்டார். அவ்வளவுதான், ஃபோன் ஓயாம டிங்கு டிங்குன்னு அடிச்சுது. ப்ரீதி அந்த க்ரூப்பை எப்பவோ சத்தமில்லாம பண்ணி வச்சுட்டா, எட்டிக்கூடப் பாக்கறதில்லை. அவ விரதத்தைப் பத்தி இவர் எழுதினாரே, அதுலேருந்து.

மத்தியானத்துக்கு மேல எனக்கு மனசு சரியாயில்லை. "ஏன்னா, காலம்பறலேருந்து ஒரு புழுக்கைகூட இல்லையே. ப்ரீதி சொன்னாளே, அந்த டாக்டருக்கு ஒரு ஃபோன் போடுங்கோளேன்"ன்னேன். "சாப்பிட்டாத்தானே போறதுக்கு? ஆகாரமே உள்ள போகலை, அப்புறம் என்ன வரும்?"னார். தாடையெல்லாம் ஈரமா இருக்கேன்னு காமிச்சேன். "தீர்த்தம் குடிச்சிருக்கான், தொடச்சுக்கத் தெரியலை"ன்னு தன் அங்கவஸ்திரத்தால தொடச்சு விட்டார். எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருந்தார் மனுஷன்.

சாயங்காலம் ப்ரீதி ஃபோன் பண்ணினா. "பேஷா இருக்கான்"னார். "புழுக்கை போட்டானாப்பா?" "ஆச்சு, ஆச்சு." ஃபோனை வச்சுட்டு என்னைப் பாத்து, "வந்தப்புறம் சொல்லுவோம், ஆச்சரியப்பட்டுப் போயிடுவா"ன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்பவே அந்த ஃபோனைப் பிடுங்கிப் பேசியிருக்கணும். ஏகாதசிப் பட்டினியோட இருக்கற மனுஷனோட மல்லுக்கு நிக்க வேண்டாம்னு விட்டேன்.

மறுநாள் விரதம் முடிக்கற துவாதசி பாரணைக்கு அகத்திக்கீரை வேணுமே. புனேயில அது லேசுல கெடைக்குமா? கட்கி பஜார்ல மேரின்னு ஒரு தமிழ்க்காரம்மா, முன்னாடியே சொல்லி வச்சா கொண்டுவருவா. இவர் வழக்கத்தைவிட ரெண்டு கட்டு கூட வாங்கி வச்சிருந்தார். காலம்பற நீராடி, பெருமாள் சேவிச்சு, தனக்கு எடுத்துக்கறதுக்கு முன்னாடி ஒரு கொத்து அகத்தியைக் கையில எடுத்துண்டு பால்கனிக்குப் போனார். "வாடா ஜம்பு, மொதல்ல நீ பாரணை பண்ணு"ன்னு வாய்கிட்ட வச்சார்.

ஜம்பு வாயைத் திறந்தது. அதான் எனக்கு ஆறலை. அது திங்கத்தான் நெனச்சுது. எலையை வாங்கி ஒரு மெல்லு மென்னுது, உடம்பு தூக்கிப் போட்டுது, எலை அப்படியே எச்சிலோட கீழ விழுந்துது. அந்த எச்சில்ல ரத்தம் கலந்திருந்தது. ஜம்பு மறுபடியும் அந்த எலையை எடுக்கப் பாத்துது.

இவர் அதைத் தூக்கினார். வயிறு கல்லு மாதிரி இருந்துது, காது ஜில்லுன்னு இருந்துது. என் பக்கம் திரும்பி, "வைஜூ, இவனுக்குப் பசிக்கறதுடி"ன்னார். அந்தக் குரலை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை.

அகத்தி, நெல்லிக்காய் எல்லாம் போட்டது போட்டபடி கெடந்தது. கொட்டற மழையில டாக்ஸி பிடிச்சுப் பாணேர் போனோம். டாக்டர் தேஜஸ் சின்னப் பையன்தான், நிதானமாப் பேசினார். வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தார். எங்களையும் கூப்பிட்டுக் காமிச்சார். முயலுக்குப் பல்லு சாகற வரைக்கும் வளருமாம். நாள் பூரா புல்லை அரைச்சு அரைச்சுத்தான் அது தேயணும். மெத்து மெத்துன்னு பழமும் அவலும் தின்னா எங்க தேயும்? கடைவாய்ப் பல்லு உள்பக்கமா முள்ளாட்டம் வளந்து நாக்கைக் கிழிச்சிருந்தது. வாய் வலியில சாப்பாடு நின்னு, சாப்பாடு நின்னதால குடலும் நின்னு, வயிறு பூரா காத்து.

"எப்போலேருந்து சாப்பிடலை?"ன்னு இந்தியில கேட்டார். நான்தான் ஏகாதசி கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கலை. சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை. "முயல் வலியை வெளிய காட்டாது ஆன்ட்டி. காட்டினா காட்டுல எதுவாவது வந்து பிடிச்சுடும். அதனால சத்தமில்லாம உக்காந்துக்கும். பல்லை நறநறன்னு கடிக்கறது வலி தாங்காமத்தான். ஒரு வேளை சாப்பிடலேன்னாலே தூக்கிண்டு வந்துடணும்"னார்.

சூட்டுப்பை வச்சு, ஊசி போட்டு, தோலுக்கடியில தண்ணி ஏத்தினார். உடம்பு சூடு திரும்பினாத்தான் மயக்க மருந்து குடுத்துப் பல்லை ராவ முடியும், ஒரு புழுக்கை விழுந்தாக்கூட நம்பிக்கைன்னார். இவர் அங்கேயே ப்ரீதிக்கு ஃபோன் போட்டார். நான் பண்றேன்னு சொன்னதுக்கு, "வேண்டாம், நான்தான் சொல்லணும்"னுட்டார். "ப்ரீதி, ஜம்பு தசமி சாயங்காலத்துலேருந்து சாப்பிடலை. நேத்து உன்கிட்டப் பொய் சொன்னேன்"னார். அவ "டாக்டர்கிட்ட குடுங்கோ"ன்னா, அவ்வளவுதான்.

இவர் பெஞ்சுல உக்காந்து ஜம்புவைத் துண்டோட மடியில வச்சுண்டார். மடி, ஆசாரம், தீட்டுன்னு என்னை ஓட ஓட விரட்டினவர், அது பின்னாடி கையேந்திண்டு ஒரு புழுக்கை விழாதான்னு உக்காந்திருந்தார். "போடுடா கண்ணா, ஒண்ணே ஒண்ணு போடுடா"ன்னு கெஞ்சினார். மழை விடறதுக்குள்ள ஜம்பு இவர் கையிலயே ஒரு தடவை நீட்டி நிமிந்தது, அடங்கித்து.

டாக்டர் ஒரு அட்டைப் பெட்டி குடுத்தார். ப்ரீதி அடுத்த விமானத்துல வரேன்னு சேதி அனுப்பியிருந்தா. டாக்ஸியில வரச்சே க்ரூப்ல பட்டுகிட்டேருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. நான்தான் அவளுக்குத் தகவல் சொல்லியிருந்தேன். "அண்ணா, வருத்தப்படாதே. ஏகாதசி உபவாசம் இருந்து துவாதசியில போயிருக்கான். மனுஷாளுக்கே கெடைக்காத பாக்கியம். நேரா வைகுண்டம்தான்." அதுக்குக் கீழ ஒவ்வொருத்தரா கைகூப்ப ஆரம்பிச்சா.

இவர் ஃபோனை வாய்கிட்ட வச்சுண்டு அதே க்ரூப்ல பேசினார். வார்த்தைக்கு வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கு.

"பட்டு, யாரும் கையைக் கூப்ப வேண்டாம். அவன் விரதம் இருக்கலை. வாயில ரணம், சாப்பிட முடியலை. நான் குடுத்த பழத்தாலயும் அவலாலயும் வந்த ரணம். பசியோட செத்தான். நான் பக்கத்துல உக்காந்து பெருமைப்பட்டுண்டிருந்தேன். இன்னொண்ணும் கேட்டுக்கோங்கோ. என் பொண்ணு ப்ரீதி விரதம் இருக்கான்னு இதே க்ரூப்ல எழுதினேனே, அவளும் விரதம் இருக்கலை. அந்தாத்துல அவளுக்குச் சோறு போடலை. வந்து அழாத குறையா சொன்னா, பொறுத்திருக்கலாம்னு சொன்ன பாவி நான். அதையும் இன்னிக்கு எல்லாரும் தெரிஞ்சுக்கோங்கோ."

பேசி முடிச்சு ஃபோனைச் சட்டைப்பையில போட்டுண்டார். டாக்ஸிக்காரர் கண்ணாடி வழியா ஒரு தடவை பாத்துட்டு ரேடியோவை அணைச்சார். எனக்கு அழுகை பொத்துண்டு வந்தது. இதைச் சொல்ல ஒரு ஜீவன் போகணுமான்னு ஆத்திரமும் வந்தது. ரெண்டும் சேந்தே வந்தது, மறைக்கறதுக்கு என்ன இருக்கு?

ப்ரீதி வரச்சே இன்னும் வெளிச்சம் இருந்தது. பெட்டியைத் திறந்து ஜம்புவோட தாடையைத் தடவினா. சத்தம் போட்டு அழலை. பில்டிங்குக்குப் பின்னாடி பாரிஜாதத்துக்குப் பக்கத்துல தோட்டக்காரர் குழி வெட்டிக் குடுத்தார். மண்ணை இவரும் அவளுமாத் தள்ளினா.

ஆத்துக்கு வந்து ஸ்நானம் பண்ணிட்டு ஹால்ல உக்காந்தோம். இவர் இன்னும் பாரணை பண்ணலை, பச்சைத் தண்ணி பல்லுல படலை. "பழம் குடுக்காதேன்னு நீ சொல்லியும் குடுத்தேன்மா. புல்லைச் செடிக்குப் போட்டேன். உனக்குத் தெரியாம"ன்னார்.

"தெரியும்பா"ன்னா.

இவர் நிமிந்து பாத்தார்.

"கூடையில வாழைப்பழ வாசனை வரும். எனக்குத் தெரியாம இருக்குமா?" காலிக் கூடையைத் தன் பக்கம் இழுத்துண்டா. "நீங்க தினம் அவன்கிட்ட என்னைப் பத்திக் கேப்பேளே, உங்கம்மா ராத்திரி சாப்பிட்டாளாடா, மோர் விட்டுண்டாளாடா, நன்னாத் தூங்கினாளாடான்னு. கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுண்டிருப்பேன். பழம் குடுக்காதீங்கோன்னு மறுபடியும் சொன்னா நீங்க அங்க உக்காரறதை நிறுத்திடுவேளோன்னு பயந்துண்டு பேசாம இருந்தேன். நானும் சேந்துதான்பா அவனை..." முடிக்க முடியலை அவளால. கண்ணைத் தொடச்சுண்டு, "அதையெல்லாம் என்கிட்டயே கேட்டிருக்கலாமேப்பா"ன்னா.

இவர் வாய் கோணித்து. மேல்துண்டால முகத்தைத் தொடச்சுண்டார். "இப்பக் கேக்கறேன். சாப்ட்டியாம்மா?"

"இல்லை. காலம்பறலேருந்து ஒண்ணும் சாப்பிடலை. பசிக்கறதுப்பா."

நான் எழுந்தேன். இவர் கையைக் காட்டி என்னை உக்கார வச்சார். அடுக்களை எந்தப் பக்கம்னு தெரியாத மனுஷன், தானே போய் சாதத்தைச் சுட வச்சு, ரசத்தைப் பொங்க விட்டு, அப்பளத்தைக் கருக்கி, தட்டுல போட்டு எடுத்துண்டு வந்தார். அவ எதிர்ல தரையில உக்காந்துண்டார். "நீங்களும் சாப்பிடுங்கோப்பா"ன்னா. "நீ மொதல்ல சாப்பிடு"ன்னு, அவ ஒவ்வொரு கவளமா எடுத்து மென்னு முழுங்கற வரைக்கும் அவ வாயையே பாத்துண்டிருந்தார். அவ ரெண்டாந்தரம் ரசம் கேட்டப்புறம்தான் தனக்குத் தட்டு எடுத்துண்டார்.